என் மகளின் படத்தில் நான் ஒட்டிய அம்புகள்

பிள்ளைகளே, இது நடந்து இன்னும் ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை. போன புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து முடித்த டி-ஷர்ட்டெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். டியூப் லைட் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்போம். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், கைக்கு ஒரு நிறம் உடம்புக்கு ஒரு நிறம் என்று எது கண்ணில் பட்டாலும், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். அம்பு ஒட்டிய சட்டை தனியாகப் போய்விடும். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் சட்டைக் காலரில் தையல் நேராக இருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

என் மனைவியும் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறாள், ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிக் கொடுத்த பன்னிரண்டு வில்லைக் கலர்ப் பெட்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்துகொண்டே இருப்பாள். மஞ்சள் வில்லை நடுவில் குழி விழுந்து அடிப் பிளாஸ்டிக் தெரியும் அளவுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் அவசரம் என்று நாங்கள் இரண்டு பேருமே அரை நாள் வேலைக்குப் போயிருந்தோம். என் மனைவி வந்ததும் சாப்பிட்டுவிட்டு, தலையைக்கூடத் தட்டிக்கொள்ளாமல் பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தூங்குவதை வரைந்துகொண்டிருந்தாள். நான் டீ குடித்துவிட்டு வந்தபோது, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இதப் பாருங்க."

எனக்கு அன்றைக்கு நல்ல குஷி. "கொண்டா கண்ணு, பீஸு செக்கிங்குக்கு வந்திருச்சா?" என்று வாங்கி, டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தேன். சட்டைப் பையில் அம்பு ஸ்டிக்கர் இருந்தது. "சேலைல பாரு, இங்க ஒரு ஷேடு அங்க ஒரு ஷேடு. தலைல கறை. கை ஓரத்துல கலர் கோட்டுக்கு வெளிய ஓடிப்போச்சு." சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஒட்டினேன். மொத்தம் ஏழு. "ஏழு டிஃபெக்டு! பீஸு ரிஜெக்டுங்க, மேடம்!" என்று கம்பெனியில் கத்துகிற மாதிரியே கத்திச் சிரித்தேன்.

பாயில் இருந்து மனைவி, "ஏனுங்க, சித்த நேரம் தூங்க உடுங்க" என்று திரும்பிப் படுத்தாள். மகளும் லேசாகச் சிரித்தாள். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. கலர்ப் பெட்டி பீரோ மேலே போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. "ஏன் கண்ணு, இப்பல்லாம் படமே போடறதில்ல?" என்று கேட்டேன். "படிக்கோணும்ப்பா" என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

மனைவிதான் சொன்னாள். "நீங்க அம்பு ஒட்டுன அன்னிக்கு நின்னதுங்க."

"வெளையாட்டுக்குத்தான புள்ள ஒட்டுனேன்?"

"உங்களுக்கு வெளையாட்டு."

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? கலரில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். நூல் மட்டமாக இருந்தால் எப்பேர்ப்பட்ட மெஷினில் ஓட்டினாலும் துணி திட்டுத்திட்டாகத்தான் வரும். அது மாதிரி, கலர் மட்டமாக இருந்ததால்தான் படம் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. இருப்பதிலேயே உசத்தியான கலரை வாங்கிக் கொடுத்துவிட்டால் படம் சுத்தமாக வரும், அவளும் சந்தோஷமாக வரைவாள். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை டவுனுக்குப் போனேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில், படம் வரைகிற சாமான் மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்று உண்டு. அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். பேச்சு தெற்குச் சீமைப் பேச்சு.

"யாருக்கு அண்ணாச்சி வாங்குதிய?"

"பொண்ணுக்குங்க. இருக்கறதுலயே நல்லதா குடுங்க."

அவர் இரண்டு விதமான டியூப்பை எடுத்து வைத்தார். ஒன்று மாணவர்கள் பூசுவது. இன்னொன்று படம் வரைவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் பூசுவது. இரண்டும் நீலம்தான். விலை ஒன்றுக்கொன்று பல மடங்கு. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மாணவர் கலரில் நிறத்தூள் குறைவு, மாவு மாதிரி வேறு பொருளைக் கலந்து நிரப்பியிருப்பார்கள். தொழில் கலரில் நிறத்தூள் அதிகம், கொஞ்சம் தொட்டாலே நிறைய வரும். வெளிச்சத்தில் வெளுக்காமல் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு டியூப்பிலேயே குறி போட்டிருக்கும் என்றார்.

வெளுக்காது என்று கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே! கடையில் மாதிரிக்காகப் பூசிக் காயவைத்திருந்த அட்டை ஒன்று இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் என் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் பரபரவென்று தேய்த்தேன். கம்பெனியில் சாயம் நிற்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். கைக்குட்டை முழுக்க நீலம். அட்டையில் பாதி காலி.

"சாயம் போகுதுங்களே! தொழில் கலருன்னீங்க?"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, இது தண்ணிக் கலருல்லா! எத்தனை வருஷம் ஆனாலும் தண்ணி பட்டா கரையத்தான் செய்யும். படத்தைத் துவைச்சா போடப் போறிய?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் அட்டைக்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, இரண்டு நீலத்தையும் கொஞ்சம் கரைத்துத் தூரிகையை என் கையில் கொடுத்தார். "நீங்களே பூசிப் பாருங்க."

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் தூரிகை பிடித்தது அன்றைக்குத்தான். முதலில் மாணவர் கலர். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நன்றாகத்தான் வந்தது. பிறகு விலை உசத்தியானதைப் பூசினேன். அடேயப்பா, என்ன நீலம்! அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஈரத்தில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் நிறம் விலகி, வெளுத்து, ஓரமெல்லாம் நெளிந்து பரவியது.

"ஐயோ, கறை உழுந்திருச்சுங்க."

"கறை இல்ல அண்ணாச்சி. பூத்திருக்கு. சில பேரு இது வரணும்னே சொட்டு விடுவாங்க."

"உசத்திக் கலர்லயும் இப்பிடி வருமுங்களா?"

"எதுலயும் வரும். சரியா ஈரம் பாத்து விடத் தெரிஞ்சா கெட்டிக்காரத்தனம்லா அது."

நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். என் மகளின் படத்தில், தலைமுடியில், சரியாக இப்படி ஒன்றின் மேல்தான் நான் கறை என்று அம்பு ஒட்டியிருந்தேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டியூப்பையும் எடுத்து உள்ளே வைத்தார்.

"இன்னிக்கு எதுவும் வாங்காதிய. புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அதுவே பூசிப் பாத்து எடுத்துக்கிடட்டும்."

கைக்கு வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மகளிடம் போய், "அந்தப் படத்த அப்பனுக்கு ஒருக்காக் காட்டறியா கண்ணு?" என்று கேட்டேன். சமூக அறிவியல் நோட்டுக்குள் இருந்து எடுத்து வந்தாள். அம்புகளை நகத்தால் உரித்திருக்கிறாள். கம்பெனிப் பசை சாதாரணப் பசையா? தாளின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டிருந்தது. சிவப்பு அம்பு இருந்த இடத்திலெல்லாம் வெள்ளை அம்பு. சேலையில், கையில், தலையில். மொத்தம் ஏழு.

"இதைக் கறைன்னு சொன்னனே, அது என்னது சாமி?"

"அம்மா தலைல இருந்த பஞ்சுங்ப்பா. ஈரமா இருக்கறப்ப ஒரு சொட்டுத் தண்ணி உட்டேன். பஞ்சு மாதிரியே வந்துச்சு. நாலு தாளு வீணாப்போய் அஞ்சாவதுலதான் வந்துச்சு."

ஓவர்லாக் மெஷின் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். அந்தப் பஞ்சுத்தூள் தினமும் என் மனைவி தலையில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வரும். நான் தினமும் பார்க்கிறேன். அதாவது, பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பன் தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி. மன்னிச்சுக்கோ" என்றேன். அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கறைன்னு சொன்னதுகூடப் பரவால்லீங்ப்பா. ரிஜெக்டுன்னு சொன்னீங்கள்ல. அது அம்மா."

சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி தண்ணீர்க் குழாயை மூடியது கேட்டது.

அன்று மத்தியானம் மகளைக் கடைக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மகள் இரண்டு கலரையும் பூசிப் பார்த்தாள். விலை உசத்தி நீலத்தைப் பூசியபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். பிறகு தாள் அடுக்கின் பக்கம் திரும்பினேன். ஒரு கட்டின் மேல் முந்நூறு ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தது. துணியின் கனத்தை நாங்கள் சொல்லும் அதே அளவு! டி-ஷர்ட் துணி நூற்றெண்பது வரும், முந்நூறு என்றால் குளிர்கால ஸ்வெட்டர். "இந்தத் தாளு சொட்டர் கனம் இருக்கும் கண்ணு, எத்தனை தண்ணி ஊத்துனாலும் தாங்கும்" என்றேன். அந்தக் கடையில் நான் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

"எது வேணும் கண்ணு? அந்த நல்ல கலரே வாங்கிக்கலாம்."

"வேண்டாங்ப்பா. இந்த மாணவர் கலரும் அந்தத் தாளும் போதும்."

"ஏன், அது புடிக்கலையா?"

"ரொம்பப் புடிச்சிருக்குது. ஆனா அதுல வரைஞ்சா உங்களுக்குக் காட்டறப்பப் பயமா இருக்கும். இத்தன வெல குடுத்தும் இப்பிடியான்னு நெனைப்பீங்க."

சொல்லிவிட்டு, கோபமெல்லாம் இல்லாமல் சாதாரணமாக என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. இதைக் கேட்ட அந்தப் பெண், ஒரு காலி டப்பா மூடியை எடுத்து, அந்த உசத்தி நீலத்தில் ஒரு பட்டாணி அளவு பிதுக்கி என் மகள் கையில் கொடுத்தார். "காஞ்சாலும் தண்ணி தொட்டா மறுபடியும் கரையும், என்ன? இது உனக்கு மட்டும். யாருக்கும் காட்டாமயே பூசு." காசு வாங்கவில்லை.

மகள் திரும்பவும் வரைய ஆரம்பித்தாள். ஆனால் என்னிடம் காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் வரையும்போது அந்தப் பக்கம் போகாமல், வாசலில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். பொங்கல் கழிந்து ஒரு நாள், "அப்பா, இங்க வாங்க" என்று அவளே கூப்பிட்டாள். போனேன். கை தானாக முன்னால் போகப் பார்த்தது, பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எதப் பாத்து வரைஞ்ச கண்ணு?" என்று கேட்டேன்.

கால் மணி நேரம் சொன்னாள். அவள் விரல் போன இடமெல்லாம் என் கண்ணும் கூடவே போனது.

கம்பெனியில் நான் இன்றைக்கும் குறை பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை; ஆனால் வீட்டில் என் மகள் ஒரு தாளை நீட்டும்போதெல்லாம், அவள் எதைப் பார்த்தாள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் எதையும் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.