திருப்பிப் பார்க்காத பலகை

தகரக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. பழைய பெட்ரோல் பங்க் சாமான்களில் எது அசல், எது போலி என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. எனாமல் பலகையோ, மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையோ, எதைக் கொண்டுபோனாலும் மனிதர் முதலில் மோந்து பார்ப்பார். பிறகுதான் மூக்குக்கண்ணாடி. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் கதை முடிந்தது, அப்பீலே கிடையாது.

பலகைகளுக்கென்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். கடைச் சுவரில் 'பெட்ரோல்' என்று வெள்ளை எழுத்தில் ஒரு நீலப் பலகை. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. நாலு மூலையிலும் அவரே திருகாணி முடுக்கிவிட்டுப் போனார். வருகிற பலகையை அதன் பக்கத்தில் பிடிப்பார். நீலம் ஒத்துப்போனால் மேற்கொண்டு சோதனை. இல்லையென்றால் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவ்வளவு திமிர்!

அப்படித் திருப்பிப் பார்க்காமல் தள்ளிய ஒன்று சொந்த அண்ணன் கொண்டுவந்தது. அண்ணன் லாரி ஓட்டியவர். இழுத்து மூடிய ஒரு பங்க்கில் தானே கழற்றியதாகச் சொன்னார். அந்த நீலம் கொஞ்சம் கருப்படித்திருந்தது. கடை நிறைய ஆட்கள் வேறு.

"இது நேத்துப் பொறந்த பலகைண்ணே. யார் காதுல பூ சுத்தப் பாக்குற?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன அண்ணன், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பொய் சொன்னவர் அவர், நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று தம்பிக்கும் வீராப்பு. வருஷங்கள் ஓடிவிட்டன.

போன வாரம் கடைக்கு வெள்ளையடித்தே தீர வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். சுவர்ப் பலகையைக் கழற்றினார். முதல் திருகாணி வெளியே வந்ததுமே அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அசல் பலகையில் ஓட்டை போட்ட பிறகுதான் எனாமல் பூசிச் சூளையில் சுடுவார்கள். பூச்சு ஓட்டையின் விளிம்புவரை வழவழவென்று இறங்கியிருக்கும். ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்தவரே அவர்தான். இங்கே திருகாணித் தலை மறைத்திருந்த இடத்தில் வெறும் தகரம் பல்லிளித்தது. பூசி முடித்த பிறகு துளைத்திருக்கிறார்கள். அடுத்ததும் அப்படியே. பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். சாயம் பிசிறு பிசிறாக உதிர்ந்தது. பலகையோடு மனைவியிடம் போனார்.

"உங்கப்பா இதை எந்த பங்க்ல கழட்டினாரு?"

"பங்க்கா? சுவத்துக்கு அழகா இருக்கும்னு பாத்திரக்கடையில வாங்கினாரு. பங்க்ல கழட்டினதுன்னு நீங்களாத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தீங்க? பெருமைக்குத்தானே சொல்றீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று யோசிக்கக்கூடப் பயந்தார். அண்ணன் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார்.

அண்ணன் வீட்டுக் குளியலறைக் கதவின் அடிப்பக்கம் மக்கிப்போயிருந்தது. அதை மறைத்து ஒரு நீலத் தகரத்தை ஆணியடித்திருந்தார்கள். கத்தரித்த துண்டு. மூலையில் பழைய ஓட்டை. தகரக்காரர் குனிந்து விரலை வைத்தார். விளிம்புவரை வழவழவென்று இருந்தது.

"ஐயோ, அண்ணே! உன் கையால கழட்டினதுதானே? அதைப் போய் ஏன் வெட்டின?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கழட்டினது நான்தான்டா. ஆனா நீ சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என் தம்பி இதுல தப்பு பண்ண மாட்டானே! ஏதோ போலியைக் கொண்டாந்து உன்னை ஏமாத்தப் பாத்துட்டேன்னு ஆயிடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் கடைக்கு வருவேன்?"