ஆளுக்கொரு ஞாயிறாக வேளாங்கண்ணிக்கு

ஆவடி பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் என் வீட்டின் கீழ் போர்ஷனில் ராஜகுமாரி பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நாற்பத்து நான்கு வயது, குள்ளம், வாய் நீளம். மாவு புளித்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், "முந்தாநேத்து வாங்கிகினு போயி இன்னிக்கி ஊத்தினா புளிக்காம இன்னா பண்ணும்?" என்று திருப்பிக் கேட்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். எனக்கும் வாய் நீளம்தான்.

அவள் புருஷன் ஜஸ்டின் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். ஞாயிறு மட்டும் லீவு. ஒரே மகள் ஜெபாவுக்குப் பதினேழு வயது. பிறக்கும்போதே மூளை பாதித்துவிட்டது. நடக்க வராது, பேச வராது, கழுத்து நிற்காது. சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஆனால் குக்கர் விசில் அடித்தால் போதும், கலகலவென்று சிரிப்பாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று வருடம் முன்பு ஜெபாவுக்கு நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் மாதாவுக்கு வேண்டிக்கொண்டார்கள். ஜெபா பிழைத்துவிட்டாள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. ஆவடியிலிருந்து வருடா வருடம் ஆகஸ்டில் காவி உடுத்திக்கொண்டு கும்பல் கும்பலாகக் கிளம்புகிறவர்கள் போய்ச்சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அத்தனை நாள் ஜெபாவை யார் பார்த்துக்கொள்வது?

ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு ஞாயிறு ஜஸ்டின் நடப்பான், அடுத்த ஞாயிறு ராஜகுமாரி. அவன் நிறுத்திய இடத்துக்கு இவள் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து நடப்பாள். நடக்காதவர் வீட்டில் ஜெபாவோடு. முதல் ஞாயிறு ஜஸ்டின் காட்டுப்பாக்கம் வரை போய்விட்டு பஸ் ஏறித் திரும்பினான். அடுத்த வாரம் அவள் காட்டுப்பாக்கத்திலிருந்து தாம்பரம். காவித் துண்டு ஒன்று, ஜெபமாலை ஒன்று. இரண்டும் அவர் கழுத்திலிருந்து இவர் கழுத்துக்கு மாறிக்கொண்டே இருந்தன. ஞாயிறு பூசைக்கு வழியில் எந்தக் கோயில் வருகிறதோ அந்தக் கோயில்.

"தவணை முறைல வேண்டுதல் கழிக்கிற ஆளுங்கள இப்பத்தாண்டி பாக்கிறேன்" என்றேன்.

"நீ மட்டும் இன்னா, டாக்டர் வேணாம்னு சொன்ன சக்கரைய தவணை முறைலதான துன்னுகினு கீற" என்றாள். எனக்கு சுகர் இருநூற்று எண்பது. டீக்கு இரண்டு ஸ்பூன் போடாமல் எனக்குத் தொண்டையில் இறங்காது. அது ஊருக்கே தெரியும்.

நிறுத்திய இடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒரு கிலோமீட்டர் கல், ஒரு பெட்டிக்கடை, ஒரு பாலம். மரக்காணம் தாண்டி ஜஸ்டின் ஒரு டீக்கடையைப் படம் எடுத்துவிட்டான். அது தள்ளுவண்டிக் கடை. ராஜகுமாரி போன ஞாயிறன்று அந்த வண்டி மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்றிருக்கிறது. அதே வண்டிதான் என்று அவள் அங்கிருந்தே நடந்துவிட்டு வந்தாள். ஜஸ்டின் படத்தைப் பார்த்துப் பார்த்து, "பின்னாடி தண்ணி டேங்க் கீதே, நீ பாத்தியா?" என்று கேட்க, விஷயம் தெரிந்தது. அடுத்த முறை அவன் அந்தத் தண்ணீர் டேங்க்குக்கே போய், விட்டுப்போன மூன்று கிலோமீட்டரையும் நடந்துவிட்டுத்தான் மேலே போனான்.

"மாதா இன்னா டேப்பு வெச்சா அளக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கி மனசு உறுத்தும் சரசாக்கா" என்றான்.

போகப் போகக் கஷ்டம் ஏறியது. வேளாங்கண்ணி கிட்டே வர வர வீடு தூரமாகிக்கொண்டே போனது. கடலூர் தாண்டிய பிறகு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால்தான் ஞாயிறு விடியலில் நடக்கலாம். வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்று ஆனது. மழைக்காலம் முழுக்க நின்றுபோனது. ராஜகுமாரியின் கால் வெடிப்பில் மாவு படிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். செருப்பில்லாத நடை. ஒன்றரை வருடத்தில் நாகப்பட்டினம் வந்துவிட்டார்கள். கடைசியாக அங்கே வரை நடந்தது ராஜகுமாரி. மீதி பதினோரு கிலோமீட்டர்.

அங்கே நின்றுவிட்டது.

முறைப்படி ஜஸ்டின் போக வேண்டும். "நீ போ" என்கிறான். "நீங்கதான் போகணும்" என்கிறாள். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. மாடியில் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆகஸ்ட் கும்பல் மறுபடியும் காவி கட்டிக்கொண்டு தெருவழியே போனது. இவர்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாவு வாங்கும் சாக்கில் பாத்திரத்தோடு கீழே போனேன்.

"இன்னாடி, நாகப்பட்டினத்துலயே ஊடு பாத்துட்டீங்களா? பதினோரு கிலோமீட்டர்தான கீது?"

அவள் மாவை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாத்திரம் நிறைந்தும் கரண்டியை வைக்கவில்லை.

"போயி சேந்துட்டா மாதா கிட்ட ஏதாச்சும் கேக்கணும் இல்லக்கா."

"கேளேன். ஒன் வாய்க்குக் கேக்கத் தெரியாதா?"

"அதான் பயமா கீது. அன்னிக்கி ஆஸ்பத்திரில, எப்பிடியாச்சும் பொழைக்க வெச்சிடு தாயேன்னு கெஞ்சினேன். இப்ப நடக்கும்போதெல்லாம் மனசுல ஒண்ணுதான் ஓடிகினே கீது. நான் சாகறதுக்கு ஒரு நாள் முந்தி இவ போயிடணும். ஒரு நாள் போதும். எங்களுக்கு அப்புறம் இவள யார்க்கா தொடுவாங்க? ஆனா பெத்தவ கேக்கற வரமா இது? இத வாயில வெச்சிகினு அங்க போயி எப்பிடி நிப்பேன்? அவரு போனா நல்லதா ஏதாச்சும் கேப்பாரு."

"அவன் ஏன் போ மாட்டேங்கறான்?"

"கேட்டா மூஞ்ச திருப்பிக்கறாரு."

ஜஸ்டினும் அதையே கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருவரும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது, என்ன பேச்சு இது என்று. அப்புறம் என் மேல் வந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம், மகன் பிரசன்னா பெங்களூரில். டிவி பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை கிடையாது. ஜெபா பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு வருடமும் கேக் தின்றிருக்கிறேன். ஒரு தடவையாவது, 'ரெண்டு பேரும் சேந்து போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்' என்று என் வாயில் வந்ததில்லை. இத்தனை நீள வாயில். எனக்கு ஜெபாவைத் தொடப் பயம். பயம் மட்டுமில்லை, அருவருப்பும்தான். ஒளித்து என்ன ஆகப்போகிறது? இவர்கள் ஆளுக்கொரு ஞாயிறாக நடந்தது என்னைப் போன்றவர்கள் இந்தத் தெருவில் இருந்ததால்தான்.

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன். ராஜகுமாரி நம்பவில்லை. ஒரு வாரம் எனக்குப் பாடம் நடத்தினாள். தலையை எப்படித் தாங்குவது, எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டுவது, துணியை எப்படி உருவுவது. முதல் நாள் எனக்குக் குமட்டியது. மூன்றாம் நாள் குமட்டவில்லை. ஜஸ்டின் ஒரு தாளில் நேரம் வாரியாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள். பல்லாவரம் போவதற்குள் ஐந்து போன்.

ஞாயிறு மதியம் ஜெபா வாயைத் திறக்கவில்லை. அம்மா இல்லை என்று தெரிந்துவிட்டது. பருப்புச் சோற்றைக் கன்னத்தில் வழியவிட்டாள், துப்பினாள், அழுதாள். நான் கத்தினேன். பாவம், அவளுக்கென்ன தெரியும். கொஞ்ச நேரம் நானும் அழுதேன். அப்புறம் எழுந்து போய்க் காலிக் குக்கரில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். விசில் வந்தது. சிரித்தாள். வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு வாய். அடுத்த விசில், அடுத்த வாய். கிண்ணம் காலியாகும் வரை குக்கருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை விடிந்து இருவரும் வந்தார்கள். ராஜகுமாரி பையைக்கூட இறக்காமல் ஜெபாவைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். புண் எதுவும் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்தாள். ஜஸ்டின் போனைக் காட்டினான். அதுவரை எடுத்த படங்களில் கல்லும் கடையும் பாலமும்தான், ஆளே கிடையாது. கடைசிப் படத்தில் கோயிலுக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கிறார்கள்.

அவன் குளிக்கப் போனதும் கேட்டேன். "இன்னாடி கேட்ட?"

"அங்க போயி நின்னா மணி பன்னண்டு. இந்நேரம் சோறு ஊட்டிகினு இருப்பியே, எறங்குதோ இல்லியோன்னுதான் நெனப்பு. ஒரு வருசமா ஓடிகினு இருந்தது வாய்ல வரவே இல்லக்கா."

"அப்ப ஒண்ணும் கேக்காமயா வந்த?"

"கேட்டேன்." ஜெபாவின் தலையைத் தன் மடியில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "சரசாக்காவுக்கு சுகர் கொறையணும்னு கேட்டேன். நீ ரொம்ப நாள் இருக்கணும்."

சரியான கைகாரி. மாடிக்கு வந்து டீ போட்டேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தேன், போடாமல் மூடி அலமாரியில் வைத்தேன். கசப்பாகத்தான் இருந்தது. குடித்துவிட்டேன்.