சத்தமில்லாத இடம் தேடி

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் எட்மண்டன் பக்கம் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். மூத்தவரைக் கார்க்கார அண்ணை என்போம். கிழட்டுக் கார் ஒன்று வைத்திருந்தார், அதைப் பெற்ற பிள்ளை மாதிரித் துடைத்துக்கொண்டே இருப்பார். மற்றவன் யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தவன். எங்களுக்கு அவன் தம்பி.

தம்பிக்கு நித்திரையே கிடையாது. அதைவிட எனக்கு எரிச்சல், அவன் கட்டிலில் சப்பாத்தோடு படுப்பான். வாசலில் கழற்றாமல் உள்ளே வந்தாலே எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள், இவனோ போர்வைக்குள்ளும் சப்பாத்து! ஒருநாள் சத்தம் போட்டேன்.

"பங்கருக்கு ஓடேக்கை சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிக்கேலுமோ அண்ணை?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

"இஞ்சை குண்டு போடுற பொம்மரும் இல்லை, ஓடி ஒளிக்கிற பங்கரும் இல்லையடா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றேன். பெரிய ஞானி மாதிரித்தான் சொன்னேன்.

டொக்டர் கொடுத்த குளிசையும் கேட்கவில்லை. குப்பை லொறி வந்தாலும் எழுந்து குந்திவிடுவான். உடம்பு ஈர்க்குக் குச்சியாகிவிட்டது. வேலை செய்த உணவகத்தில் நின்றபடியே கண் செருகி, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்குள் கையை விடப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பயம் பிடித்தது.

"உவனைச் சத்தமில்லாத இடமாப் பாத்துக் கொண்டுபோவம். ஸ்கொட்லாந்தின்ரை வடக்கு முனையிலை மனுசரே இல்லையாம்" என்றார் கார்க்கார அண்ணை.

"மனுசர் இல்லாத இடத்திலை உம்மடை கார் நிண்டுபோனா ஆர் தள்ளுறது?" என்று நான் முணுமுணுத்தேன். ஆனாலும் விடியவே எழும்பிப் பிட்டு அவித்து, தேங்காயும் செத்தல் மிளகாயும் போட்டுக் கட்டைச் சம்பலும் இடித்துக் கட்டினேன்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. நகரங்கள் முடிந்தன. பிறகு வீடுகளும் முடிந்தன. ஒரு கார் மட்டும் போகக்கூடிய தெரு மலைகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து போனது. ரேடியோ கரகரத்து அடங்கிவிட்டது. ஆனி மாதம் என்றபடியால் இருட்டு வரவே மாட்டேன் என்றது. இராச் சாப்பாடு முடிந்த பிறகும் வானம் பால்நிறத்தில் அப்படியே கிடந்தது. ஏரித் தண்ணீரில் மலை தலைகீழாக நிற்க, அதைக் கலைத்துவிடுவோமோ என்று நாங்களே தணிந்த குரலில்தான் கதைத்தோம். தம்பி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இப்பிடியும் இடம் இருக்குதோ அண்ணை?" என்று ஒரேயொரு தடவை கேட்டான். அன்றிரவும் காருக்குள் சப்பாத்தோடுதான் முழித்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் ஓர் ஏரிக்கரையில் பிட்டைப் பிரித்தோம். புல் மேயும் ஆடுகளைத் தவிர ஒரு சீவன் இல்லை.

அப்போதுதான் அது வந்தது. மலை இடுக்கால், எங்கள் தலையை உரசுவது போல, வானத்தையே கிழித்துக்கொண்டு ஒரு போர் விமானம்!

"பொம்மர்! படுங்கோ!"

கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்! ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபடி முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் கார்க்கார அண்ணை, தாடியெல்லாம் சம்பல். ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வந்தது, மெல்ல எழும்பினோம். தம்பி மட்டும் எழும்பவில்லை. தூக்கப் பார்த்தோம், உடம்பு மரக்கட்டையாக இறுகியிருந்தது. ஐயோ, நாங்களே கொண்டுவந்து இவனைக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சரிவிலிருந்து ஒரு பெண் நாயோடு ஓடிவந்தாள். அந்த ஆடுகளின் சொந்தக்காரி. வெட்கத்தில் நான் உடுப்பிலிருந்த புல்லைத் தட்டிக்கொண்டு நின்றேன். கார்க்கார அண்ணைதான் எங்கள் நாட்டில் யுத்தம் என்று அரைகுறையாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஈரப் புல் என்றும் பாராமல் தம்பிக்குப் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள்! அவளுடைய ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. பயிற்சி விமானங்கள், இரண்டாகத்தான் வரும், இன்னொன்று இருக்கிறது என்றாள். பிறகு தம்பியின் முதுகில் கையை வைத்து, "வரட்டும். நீ என் ஆடுகளை மட்டும் பார்" என்றாள்.

வந்தது. மலை அதிர்ந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது, தம்பி தலையை உயர்த்தி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆடுகூட நிமிரவில்லை. மென்றுகொண்டே இருந்தன.

"அதுகள் ஓடேல்லை அண்ணை" என்றான். சொன்னவன் விம்மி விம்மி அழத் தொடங்கினான். வந்த நாளிலிருந்து அவன் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அவள் கையை எடுக்கவேயில்லை.

அழுது முடிய எழுந்து உட்கார்ந்தான். சப்பாத்து நாடாவை மெல்ல அவிழ்த்தான். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்துவிட்டு, அந்தப் புல்லிலேயே சுருண்டு படுத்தான். நாய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது. குறட்டை கேட்டதும் கார்க்கார அண்ணை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தோம். உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். அவன் எழும்பும்வரை அங்கேயே இருந்தோம், போகப் புறப்பட்ட வடக்கு முனையைப் பார்க்கவே இல்லை.

தம்பி இப்போது அப்டன் பார்க்கில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். இன்னும் சில இரவுகள் அவனுக்குக் கஷ்டந்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனுடைய சப்பாத்து மற்றவர்களுடையதோடு வாசலில் கிடக்கும். அதைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும், பயமில்லாமல் சப்பாத்தைக் கழற்றி வைப்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொள்கிறேன்.