நாளைக்கு வந்துரும் என்று சொன்னேன்

1. காற்று அடித்த வாரம்

அந்தக் கோடைக் காற்று சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்பியது. கூடவே ஆலங்கட்டி மழை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் செக்‌ஷனில் மட்டும் நாற்பத்தோரு கரண்ட் போஸ்ட் சாய்ந்து கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாபநாசம் பக்கத்தில் மின்வாரியத்தின் ஒரு செக்‌ஷன் ஆபீசில் நான் லைன்மேன். பதினாறு வருஷ சர்வீஸ். இரண்டு நாள் சோறு தண்ணி பார்க்காமல் மெயின் லைனை நிமிர்த்தினோம். மிச்சம் இருந்தவை கிளை லைன்கள். என் பொறுப்பில் இரண்டு வந்தன.

ஒன்று, ஊருக்கு வெளியே வயலைப் பிளாட் போட்டு உண்டாக்கிய நகருக்குப் போகும் லைன். இரண்டு போஸ்ட் முறிந்திருந்தது. அந்த நகரில் அப்போது குடியிருந்தது ஒரே ஒரு குடும்பம். மற்றொன்று, வாய்க்கால் கரையில் பம்புசெட்டுகளுக்கான டிரான்ஸ்ஃபார்மர். அங்கே போஸ்ட் எதுவும் விழவில்லை. தென்னை மட்டை விழுந்து ஒரு பின் இன்சுலேட்டர் உடைந்திருந்தது. கம்பியைத் தாங்கும் அந்தப் பீங்கானை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

ஸ்டோரில் எனக்குக் கிடைத்தது ஆறே ஆறு இன்சுலேட்டர். அடுத்த லோடு தஞ்சாவூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார் ஸ்டோர்கீப்பர். நகர் லைனுக்குப் போஸ்டுக்கு மூன்று வீதம் ஆறும் வேண்டும். வாய்க்கால் கரைக்கு ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றை அங்கே கொடுத்தால் நகர் லைன் ஒரு வாரம் கிடக்கும்.

"நான் அந்தப் பக்கம் வரமுடியாது சவரிமுத்து. எது முதல்லன்னு உங்களுக்கே தெரியும். பார்த்துச் செய்யுங்க," என்றார் எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினீயர்.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாற்றிச் செய்தேன்.

2. புல்லும் நாற்றும்

நகரில் குடியிருந்தவர் நூர்தீன் பாய். அபுதாபியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். புது பங்களா கட்டி, லீவில் வந்து குடியேறியிருந்தார். வீட்டுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து லாரியில் புல் கொண்டுவந்து, சுருள் சுருளாக விரித்து லான் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் புல்லை மாட்டுக்கு அறுப்பார்கள், வயலில் களை என்று பிடுங்குவார்கள். தண்ணீர் ஊற்றி வளர்த்து நான் பார்த்தது அங்கேதான்.

காற்று அடித்த மூன்றாம் நாள் பாய் ஆபீசுக்கு வந்தார். மழை ஈரம் அதற்குள் காய்ந்து, வெயில் மறுபடி கொளுத்திக்கொண்டிருந்தது.

"சவரி அண்ணே, நம்ம வீட்டுக்குக் கரண்ட் எப்ப வரும்? புதுசா போட்ட புல்லு, வேர் புடிக்கல. ஓரமெல்லாம் மஞ்சளடிக்குது."

"பார்க்கிறேன் பாய்."

"அவசரம்னா சொல்லலை. சும்மா கேட்டேன்."

அவர் சும்மாதான் கேட்டார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. என் மகன் ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தான். பத்து நாளைக்கு முன்தான் பாயிடம் அபுதாபி வேலைக்காக அவனைப் பற்றிச் சொல்லி, பாஸ்போர்ட் நகலும் கொடுத்திருந்தேன்.

அவர் போன அரை மணி நேரத்தில் காமாட்சி வந்தார். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இவர் ஐந்து மா, ஒன்றரை ஏக்கர் சொச்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாக விவசாயம் பார்த்தார். அந்த டிரான்ஸ்ஃபார்மரை நம்பி அப்போது நாற்று விட்டிருந்தது அவர் மட்டும்தான். மற்றவர்கள் ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்று நிலத்தைச் சும்மா போட்டிருந்தார்கள்.

"அண்ணே, நாத்து விட்டு பன்னெண்டு நாளாச்சு. நாத்தங்கால்ல ஈரமே இல்ல. கரண்ட் எப்ப வரும்?"

"நாளைக்கு வந்துரும்மா."

"நிச்சயமா வந்துருமாண்ணே?"

"நாளைக்கு வந்துரும்," என்றேன் மறுபடியும். ஆறு இன்சுலேட்டரும் அப்போது என் மேஜைக்கு அடியில்தான் இருந்தன.

3. ஸ்பிரிங்ளர்

மறுநாள் காலை ஆட்களைக் கூட்டிக்கொண்டு நகருக்குப் போனேன். குழி தோண்டி, போஸ்ட் நட்டு, கம்பி இழுக்க இரண்டு நாள் ஆனது. முதல் நாள் மத்தியானம் காமாட்சி அங்கேயே வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. இன்சுலேட்டர்கள் சாக்கு மேல் வரிசையாகக் கிடந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம பக்கம் எப்பண்ணே?"

"அங்க பெரிய ஃபால்ட்டும்மா. சாமான் வரணும். நாளைக்கு வந்துரும்."

இதை இன்று எழுதும்போதும் காது சூடாகிறது. பெரிய ஃபால்ட் என்று எப்படி வாய் கூசாமல் சொன்னேன்? அதற்கடுத்த நாளும் வந்தார். அன்றைக்கும் நாளைக்கு என்றேன். அவரும் அவர் மகளும் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் நாற்றங்காலில் தெளிக்கிறார்கள் என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்னார். கேட்காததுபோல் கம்பத்தில் ஏறிவிட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் விட்டு நகர் லைனை சார்ஜ் செய்தோம். பாய் மோட்டாரைப் போட்டார். லானில் நான்கு இடத்தில் ஸ்பிரிங்ளர் சுற்ற ஆரம்பித்தது. பாயின் மனைவி எங்கள் எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தார். சாரல் என் செருப்பில் தெறித்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன். சர்பத்தை முழுசாகக் குடிக்க முடியவில்லை.

4. முக்கால் மணி நேரம்

லோடு வந்தது காற்று அடித்த பத்தாம் நாள். அன்று காலையே வாய்க்கால் கரைக்குப் போனேன். கரண்டை நிறுத்த லைன் கிளியர் வாங்கி, ஸ்விட்சைத் திறந்து, எர்த் போட்டு மேலே ஏறினேன். காமாட்சி வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டி, கம்பியைக் கட்டி இறங்கினேன். எல்லாம் முக்கால் மணி நேரம்.

"இவ்வளவுதானாண்ணே வேலை?"

நான் எர்த்தைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

"இந்த ஒரு பீங்கான்தானா? அன்னைக்கு பாய் வீட்டுக்கிட்ட இதுமாதிரி ஆறு கெடந்துச்சே."

கயிற்றைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் குழாயில் பொங்கி வந்து நாற்றங்காலில் பாய்ந்தது. நாற்று வைக்கோல் நிறத்தில் இருந்தது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கையால் ஒரு பிடி பிடுங்கினார். வேரோடு வரவில்லை, நொறுங்கி வந்தது.

"ஒரு வாரமாகும்னு சொல்லிருந்தீங்கன்னா அக்கம்பக்கத்துல ஆயில் இன்ஜின் வாங்கி எறைச்சிருப்பேன்ணே. தர்றேன்னுதான் சொன்னாங்க. நீங்க நாளைக்குன்னீங்க. அதான் வேணாம்னுட்டேன்."

அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

5. பாய் சொன்னது

விஷயம் எப்படியோ நூர்தீன் பாய் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். விசா போச்சு என்று பயந்துகொண்டே போனேன். அன்றைக்கும் எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? புல்லு போனா இன்னொரு லாரி இறக்கிக்குவேன். ஒரு பொம்பளை வயித்துல அடிச்சா எனக்கு லான் வேணும்னு கேட்டேன்?"

"பையன் விஷயமா நீங்க..." என்று இழுத்தேன்.

"அதுக்காகவா? உங்க பையன் பேப்பரை நீங்க குடுத்த அன்னைக்கே கம்பெனிக்கு அனுப்பிட்டேன்ணே. காத்தடிக்கறதுக்கு முன்னாடியே."

அவர் காமாட்சி வீட்டுக்கு ஆள் அனுப்பி, விதை வாங்கித் தருவதாகச் சொன்னார். நாள் தாண்டிவிட்டது, இனி விட்டால் அறுவடை மழையில் மாட்டும் என்று காமாட்சி மறுத்துவிட்டாராம். குத்தகையையும் விட்டார்.

6. பஸ் ஸ்டாண்டு

ஆடி மாதத்தில் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகளோடு, இரண்டு பையும் ஒரு தகரப் பெட்டியுமாகத் திருப்பூருக்குக் கிளம்பியிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, தம்பிக்கு விசா வந்துருச்சாமே. சந்தோஷம்ணே. நல்லா இருக்கட்டும்."

அந்த விசாவுக்காகத்தான் மாற்றிச் செய்தேன் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். "பெட்டியை மேல ஏத்தவா?" என்றுதான் வந்தது. "பரவால்லண்ணே, நாங்களே ஏத்திக்கிறோம்," என்றார். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ காற்று, எத்தனையோ போஸ்ட். கரண்ட் எப்போது வரும் என்று யார் கேட்டாலும் உண்மையான நாளைச் சொன்னேன். ஆறு நாள் என்றால் ஆறு நாள். திட்டினார்கள், ஒருமுறை ஆபீசைப் பூட்டினார்கள். பூட்டட்டும். ஆறு நாள் என்று தெரிந்தால் ஜனங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். நாளைக்கு என்று சொன்னால் உட்கார்ந்து காத்திருப்பார்கள். நம்மை நம்புகிறவர்கள்தான் அதிக நேரம் காத்திருப்பார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கம்பம் ஏற எங்கேயும் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டது இதுதான். கற்றுக்கொண்டதற்கான செலவை நான் கொடுக்கவில்லை, காமாட்சி கொடுத்தார். அவரிடம் போய் இதைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன். திருப்பூருக்கு இங்கிருந்து நேர் பஸ்ஸே இருக்கிறது. நான் போகவில்லை.