ஒரு வரியை எடுத்தவர்

தினமும் காலை மின்சார ரயிலில் அவர் சானட்டோரியம் ஸ்டேஷனில் ஏறி என் எதிரே ஜன்னலோரம் உட்காருவார். நரைத்த குறுந்தாடி, மடியில் லேப்டாப். புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் ஓர் இலவச மென்பொருள் உண்டு. என் ஆபீசிலும் அதுதான். அதற்குச் சின்னச் சின்னத் திருத்தங்களை எழுதி, அதை நடத்தும் குழுவுக்குச் சம்பளமில்லாமல் அனுப்புவார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். அதையும் உதடு அசையப் படித்துவிட்டு, அனுப்பும் பட்டனைத் தொட்டதும் சூடுபட்டதுபோல் விரலை இழுத்துக்கொள்வார்.

அன்று குரோம்பேட்டை தாண்டியும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"என்ன சார், ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?" என்றேன்.

"பண்ணியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். ஏத்துக்கிட்டாங்க. புது வெர்ஷன்ல வெளியவே வந்துடுச்சு."

"நல்லதுதானே?"

"சேமிக்கறதுக்கு முன்னாடி எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கற ஒரு செக், தேவையில்லைன்னு அந்த வரியை எடுத்துட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். நேத்துதான் தோணுச்சு, யாரோ எதுக்கோ பயந்துதானே அதைப் போட்டிருப்பாங்க? பழைய ஹிஸ்டரி பூரா தேடிட்டேன். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கற டூல் சார், அந்த வரிக்கு மட்டும் யாரும் காரணம் எழுதலை. எங்கயாவது ஒருத்தர் வேலை அழிஞ்சு போச்சுன்னா?"

"திரும்பப் போட்டுடுங்களேன்."

"அதுக்கும் காரணம் கேப்பாங்க. பயமா இருக்குன்னு எழுத முடியுமா?"

கிண்டியில் இறங்கி ஆபீஸ் போனேன். என் கம்ப்யூட்டரில் அந்தப் புது வெர்ஷன் ஏற்கெனவே ஏறியிருந்தது.

இதுவரை ஒன்றும் அழியவில்லை. ஆனால் சாயங்காலம் வேலையைச் சேமிக்கும்போதெல்லாம், சூடுபட்டதுபோல் விரலை இழுத்துக்கொள்கிறேன்.