மீரான் பாயின் கை

ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவர் செத்துப்போயிருக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ தெரியவில்லை. நாகூர் மீரான் உயிரோடுதான் இருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, ஏசி குளிருக்கு மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, வடாபாவிலிருந்து மிளகாயை மட்டும் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தாலும் பயமில்லை. தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில்தான் படித்தார், ஆனால் இப்போது பத்து வரி தமிழ் வாசிப்பதற்குள் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

எங்கள் அலுவலகம் வாஷி ஸ்டேஷனைத் தாண்டி இருக்கிறது. மருத்துவமனைகள், ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், பள்ளிக்கூடங்கள் என்று பலருடைய கம்ப்யூட்டர் வேலைகள் எங்கள் கட்டடத்து இயந்திரங்களில்தான் ஓடுகின்றன. அவை நிற்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் பாடு. நான் பானுமதி. செம்பூரில் பிறந்து, கோபர்கைரனேயில் வாக்கப்பட்டவள். மீரான் பாயும் நானும் ஒரே மாதத்தில் இங்கே சேர்ந்தோம். அன்றிலிருந்து இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவருடைய வாப்பா ஏர்வாடிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். மகனும் பட்டறைக்கு வருவான் என்று நினைத்தார். மகனுக்குப் பசை வாடை ஆகாது, தும்மலாகத் தும்முவான். செம்பூரில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு, சர்வர்களை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிடும் வேலையில் சேர்ந்துகொண்டான். அந்தக் காலத்தில்தான் ஒரு பள்ளிக்கூடத்து சர்வரை மேம்படுத்தப் போய், அத்தனை பிள்ளைகளுடைய மார்க்கும் அழிந்துபோனது. டீச்சர்கள் விடைத்தாள்களைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு கோடை விடுமுறை முழுக்கத் தட்டச்சு செய்தார்கள். இவரும் கூடவே உட்கார்ந்து தட்டினார். ஒரு டீச்சர்கூட அவரைத் திட்டவில்லையாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

அதனால்தான் வெர்ச்சுவல் மிஷின்கள் வந்தபோது அவர் அப்படிக் கொண்டாடினார். ஒரு பெரிய இரும்பு இயந்திரத்துக்குள் பல மிஷின்கள், ஒவ்வொன்றும் தன்னைத் தனி மிஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பயிற்சி கொடுக்க வந்தவர் இதைப் புரியவைக்கப் படம் படமாக வரைந்துகொண்டிருக்க, இவர் எழுந்து, "எங்க லைன்ல ஒரு வீட்டுக்குள்ள ஏழு குடும்பம் இருக்கு சார், ஆளுக்கு ஒரு மீட்டர். அதான?" என்றார். அதேதான்.

அந்த மிஷின்களை எல்லாம் ஒரே திரையில் பார்க்கலாம், ஆட்டிவைக்கலாம். கன்சோல் என்போம். அதில் மீரான் பாய்க்கு மிகவும் பிடித்தது ஸ்னாப்ஷாட். ஒரு மிஷின் இந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைத்துவிடலாம். பிறகு செய்யும் வேலை சொதப்பினால் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். எதைத் தொடுவதற்கு முன்பும் அவர் ஸ்னாப்ஷாட் எடுப்பார். 'பிஸ்மில்லாஹ்' என்று வாய் சொல்லும், கை எடுத்துவிடும். இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

"வாழ்க்கைலயும் இப்டி ஒண்ணு இருந்தா எந்த நாளுக்குப் போவீங்க பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கயும் போகாண்டாம் பானு. போகலாம்னு தெரிஞ்சா போதும்லா."

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது, அதை மறைக்க ஒன்றுமில்லை. மிஷின்களுக்கெல்லாம் அவர்தான் பெயர் வைப்பார். நம்பர் வைத்தால் யாருக்கு நினைவிருக்கும் என்பார். கணக்கு வழக்கு பார்க்கிற மிஷின் எப்போதும் மூச்சு வாங்கும், அதற்கு அவர் தெரு மளிகைக்கடைக்காரர் கணேசபாண்டியனின் பெயர். எல்லாருடைய ரகசியமும் தெரிந்த மெயில் மிஷினுக்குத் தன் மனைவி பெயர், பேகம். ஒருநாள் வாடிக்கையாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்த எங்கள் மேனேஜர் வெங்கடேஷ் தன்னை மறந்து, "பேகம் காலையிலேர்ந்து எழுந்திருக்கலை" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் இருந்த குஜராத்தி அம்மாள் பதறிப்போய் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அன்று முழுக்க நாங்கள் யாரும் உருப்படியாக வேலை செய்யவில்லை.

ஒரு மிஷினை நிரந்தரமாக மூடும் நாளில் மீரான் பாய் செலவில் அரை கிளாஸ் கட்டிங் சாயும் வெண்ணெய் தடவிய மஸ்கா பன்னும் உண்டு. நோன்பு மாதமாக இருந்தால் அவர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மாதத்தில் சாயங்காலம் ஃப்ளாஸ்க் நிறைய நோன்புக் கஞ்சி வரும். ஒரு கரண்டி குறைந்தால்கூட நான் கேட்டு வாங்குவேன்.

பிறகுதான் கன்டெய்னர் வந்தது.

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இப்போது மென்பொருளைச் சின்னச் சின்ன பெட்டிகளாகக் கட்டி ஓட்டுகிறார்கள், அவைதான் கன்டெய்னர்கள். அவற்றைச் சுமக்க நோடு எனப்படும் மிஷின்கள் கூட்டமாக நிற்கும், அந்தக் கூட்டம் கிளஸ்டர். நோடுகளும் எங்கள் வெர்ச்சுவல் மிஷின்கள்தான். ஆனால் அவற்றை நாங்கள் உண்டாக்குவதில்லை. இத்தனை நோடு வேண்டும், இந்த வகையில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், கிளஸ்டர் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒன்று படுத்துவிட்டால் வைத்தியம் கிடையாது. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். பெயரும் அதுவே வைத்துக்கொள்ளும், பூனை கீபோர்டு மேல் நடந்துபோனதுபோல.

"நோவு வந்தா மருந்து குடுக்கப்படாதாம். கடாசிட்டு வேற எடுக்கணுமாம்," என்று மீரான் பாய் பொருமினார். "இது என்ன பானு, சாய் குடிக்கிற பேப்பர் கப்பா?"

பொருமினாலும் படித்தார். படித்தே ஆகவேண்டிய நிலை. கிளஸ்டர் அணியில் இடம் கிடைக்காதவர்கள் கீழ்த்தளத்து போன் மேசைக்குப் போகவேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அங்கே நாள் முழுக்கப் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். "அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க சார்னு சொல்லவா நான் இத்தன வருசம் இந்தக் குளுருல கெடந்தேன்?" என்று கேட்டபோது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை.

அவருக்கு வைத்த பரீட்சை இதுதான். ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் ஓடும் கிளஸ்டரைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் வேலை குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் செய்ய, நான் கூட இருக்க வேண்டும். வெங்கடேஷ் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். நிதானமான மனிதர். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மீரான் பாய், நோடு மிஷின் எதையும் பழைய கன்சோல் வழியா தொட்டுடாதேங்கோ. கிளஸ்டர் தானே பாத்துக்கும். அதை நம்பிட்டு சும்மா இருக்கணும், அவ்வளவுதான்."

"சும்மா இருக்கதுதான் சார் கஷ்டம்," என்றார் மீரான் பாய். எல்லோரும் சிரித்தோம்.

ஞாயிறன்று நான் போய்ச் சேரும்போது அவர் எனக்கு முன்பே குர்லாவில் வண்டி மாறி வந்து, சாய் குடித்து முடித்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். வேலையைத் தொடங்கினோம். புதிய நோடு ஒன்று எழுந்து நின்றது. பழைய நோடு ஒன்று தன் கன்டெய்னர்களை அங்கே அனுப்பிவிட்டு மறைந்தது. இரண்டாவதும் அப்படியே. மீரான் பாய் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நோடில்தான் அறிக்கைகளின் டேட்டாபேஸ் இருந்தது. அதன் கன்டெய்னர் புதிய நோடுக்குப் போய்விட்டது, தகவலெல்லாம் இருக்கும் அதன் டிஸ்க் போகவில்லை. பழைய நோடு டிஸ்கை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் வராமல் டேட்டாபேஸ் எழாது. டேட்டாபேஸ் எழாமல் ஒரு அறிக்கையும் திறக்காது. கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

என் போன் அடித்தது. செம்பூர் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்து சஃப்ரீன். "பானு தீதி, ஒரு பேஷன்ட்டுக்கு ரத்தம் ஏத்தணும், டாக்டர் பழைய ரிப்போர்ட்ட கேக்குறாரு. ஸ்கிரீன் சுத்திட்டே இருக்கு தீதி. ஜல்தி ஏதாவது பண்ணுங்க."

நான் கன்சோலைத் திறந்து அந்தப் பழைய நோடைப் பார்த்தேன். காரணம் அங்கேயே எழுதியிருந்தது. அந்த மிஷினுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டிருக்கிறது, அது இருக்கும்வரை டிஸ்கைக் கழற்ற முடியாது.

"ஸ்னாப்ஷாட்டா? எந்தக் கிறுக்கன் எடுத்தான்?" என்று கத்தினார் மீரான் பாய். "தொடப்படாதுன்னு சொல்லிருக்குல்லா!"

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். எடுத்தவர் பெயர் இருந்தது. அன்று காலை எடுத்தது.

அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "நான் எடுக்கலயே பானு. காலைல வந்தேன். சாய் குடிச்சேன். எல்லாம் நல்லாருக்கான்னு பாக்க கன்சோலத் தொறந்தேன். டேட்டாபேஸ் இருக்க மிஷின மட்டும் உள்ள போய்ப் பாத்தேன். பிஸ்மில்லான்னு..." அதோடு நிறுத்திவிட்டார். தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "பாத்தது போதும், அழிங்க பாய்," என்றேன். அவர் ஸ்னாப்ஷாட்டை அழித்தார். டிஸ்க் கழன்றது, புதிய நோடு எடுத்துக்கொண்டது, டேட்டாபேஸ் எழுந்தது. சஃப்ரீன் மறுபடி கூப்பிட்டு ரிப்போர்ட் வந்துவிட்டது என்று சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி நோடுகளும் ஒழுங்காக மாறின.

"வெங்கடேஷ் கேட்டா ஸ்டோரேஜ் மக்கர் பண்ணிச்சுன்னு சொல்லிரலாம்," என்றேன். "அந்தாளு தோண்டிப் பாக்கமாட்டாரு."

"அடுத்த தரமும் ஸ்டோரேஜ் மக்கர் பண்ணும்லா பானு," என்றார் அவர்.

திங்கட்கிழமை வெங்கடேஷ் அறையில் அவரே எல்லாவற்றையும் சொன்னார். வெங்கடேஷ் கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ. வேலை தெரியலைன்னா சொல்லித் தரலாம். உங்களுக்கு வேலை தெரியும். நாளைக்கும் உங்க கை இதையேதானே பண்ணும்? கிளஸ்டரை எப்படி உங்ககிட்ட கொடுப்பேன்?"

எல்லாம் முடிந்தது, போன் மேசைதான் என்று நான் நினைத்தேன். மீரான் பாய் நிமிர்ந்தார்.

"சரிதான் சார். என் கைய நம்பாதீய. கன்சோல் அனுமதிய எனக்கு எடுத்திருங்க. தொட முடியலன்னா தொடாது பாருங்க."

வெங்கடேஷுக்குச் சட்டென்று புரியவில்லை. "நோடு மிஷினுக்கு மட்டுமா?"

"நோடு இன்னிக்கு இது, நாளைக்கு வேற. எதுன்னு பிரிக்கதுக்கு? மொத்தமும் எடுத்திருங்க. பழைய மிஷினெல்லாம் பானு பாத்துக்கிடுவா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறையைவிட்டு வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? நீங்க ஒண்ணு ஒண்ணா வளத்த மிஷின். எனக்கு எதுக்கு அது?"

"ரெண்டும் வேணும்னா ரெண்டும் போயிரும் பானு. சலோ, வா, முடிச்சிருவோம்."

எங்கள் ஹாலில் அந்த அனுமதியை எடுக்கும் அதிகாரம் அவரைத் தவிர எனக்குத்தான் இருந்தது. அவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும், எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அவரே சொன்னார், ஏனென்றால் அந்த ஏற்பாட்டையெல்லாம் ஆதியில் செய்து வைத்தவரே அவர்தான். 'நிச்சயமாக நீக்கவேண்டுமா?' என்று திரை கேட்டது. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "அழுத்து புள்ள, சாய் ஆறிப்போவுது," என்றார். அழுத்தினேன்.

அவர் தன் இடத்துக்குப் போய்க் கன்சோலைத் திறந்து பார்த்தார். வழக்கமாகத் திரை கொள்ளாமல் நிற்கும் வரிசையில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக இருந்தது.

"எல்லாம் ஓடுதா பானு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஓடுது பாய்," என்றேன்.

கிளஸ்டர் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. இன்றுவரை அவர் கையால் ஒரு தவறும் நடக்கவில்லை. தினமும் காலையில் வந்து மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கிறார், நானும் அதே பதிலைச் சொல்கிறேன். உண்மையில் அந்தப் பழைய மிஷின்களில் பாதியை நான் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டேன், அவற்றின் வேலைகளெல்லாம் கிளஸ்டருக்குள் போய்விட்டன. மாற்றிக் கொடுத்ததே அவர் அணிதான், அதனால் அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்கிறார். ஓடுது பாய் என்று நானும் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.