அவர் வீட்டு ஆட்கள்

ஹட்டனில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் என் பக்கத்தில் ஒருவர் உட்காருவார். ஐம்பது வயதிருக்கும். தேயிலை ஃபெக்டரியில் காவல் பார்க்கும் வாச்சர். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அவருடைய பயிற்சிப் புத்தகம் கறுத்துப் போயிருந்தது.

எழுவாய்க்கேற்ற வினை பழகிய நாட்களில், பாடம் எடுக்கும் யாழ்ப்பாணத்துச் சேர் எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி வாக்கியம் கேட்பார். மனைவி கொழுந்து பறிக்கிறாள், மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று இவர் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் சொல்வார். நான் ஒவ்வொரு முறையும் பிழை விடுவேன். எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"அண்ணே, மக எத்தனாம் வகுப்பு?"

"மகளும் இல்ல, பொஞ்சாதியும் இல்ல தம்பி. நான் ஒண்டி ஆளு. சேர் வீட்டு ஆளுகளச் சொல்லுங்கறாரு. நான் யாரச் சொல்றது?"

"அதுக்காகப் பொய் சொல்வீங்களா? வெக்கமா இல்ல?"

"சேர்கிட்ட சொல்லிறாதீங்க தம்பி."

அடுத்த சனிக்கிழமை அவர் எழுந்து, மகளுக்குக் காய்ச்சல் என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சேர் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் கேட்டார்.

"இப்ப பிள்ளைக்கு எப்பிடி இருக்கு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மருந்து எடுத்தாச்சு சேர், இப்ப சொகம்," என்று நான்தான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.